எடை குறைப்பு ஆபரேஷனும் சிபாப் மெஷினும்: எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது

"ஆபரேஷன் பண்ணினா குறட்டை தானா போயிடுமாமே, அப்புறம் மெஷின் எதுக்கு?" எடை குறைப்பு ஆபரேஷனுக்கான பேரியாட்ரிக் ஓ.பி.யில் தினமும் காதில் விழும் கேள்வி இது. மெஷின் என்பது சிபாப்: தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா நோய்க்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி ஊதித் தொண்டையைத் திறந்து வைப்பது. பாதி சரி. எடை இறங்க இறங்க, தொண்டையைச் சுற்றியும் நாக்கின் அடியிலும் படிந்த கொழுப்பு கரையும், மூச்சுப் பாதை அகலும். ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். ஆபரேஷன் மேசையில் படுக்கும் அன்று இருப்பது பழைய தொண்டைதான். மயக்க மருந்தும் வலி மருந்தும் சேர்ந்து அதை இன்னும் தொய்ய வைக்கும். மெஷின் முதன்முதலில் உயிர் காக்கப்போவது அந்த இரவில்.

மீதிப் பாதிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2009இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, 12 ஆய்வுகளில் இருந்த 342 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஆபரேஷனுக்கு முன் மணிக்குச் சராசரியாக 54.7 தடவை மூச்சு தடைப்பட்டது, எடை குறைந்தபின் 15.8 ஆக இறங்கியது. நல்ல இறக்கம்தான். ஆனாலும் 15ஐத் தாண்டினால் மருத்துவக் கணக்கில் அது நடுத்தர நோய். மெஷினை எடுத்து வைக்கலாமா என்பதைக் கண்ணாடியோ பக்கத்தில் படுப்பவரோ சொல்ல முடியாது, பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

அளந்து பார்ப்பது

வீட்டிலேயே செய்யக்கூடியது முதலில். தையல் நாடாவால் கழுத்தை அளங்கள். 40 செ.மீ.க்கு மேல் என்றால் ஒரு புள்ளி. பலத்த குறட்டை, பகலில் சோர்வு, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருப்பது, ரத்த அழுத்தம், பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 35க்கு மேல், வயது 50க்கு மேல், ஆண் என்பது, இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எட்டில் ஐந்து வந்தால் ஆபத்து அதிகம், தூக்கத்தில் மூச்சை அளக்கும் ஸ்லீப் ஸ்டடி கட்டாயம். மூன்று, நான்கு வந்தாலும் எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போகிறவர் ஸ்டடி செய்துகொள்வதே நல்லது.

பகல் தூக்கத்தை மதிப்பிட டாக்டர்கள் கொடுக்கும் எப்வொர்த் படிவத்தில் எட்டுக் கேள்விகள், மொத்தம் 24 மதிப்பெண். 10ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். போக்குவரத்தில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது கண் சொக்குமா என்பது எட்டாவது கேள்வி. பெங்களூரின் நெரிசலான சில்க் போர்டு சிக்னலில் தினமும் நிற்பவர் அதற்கு உண்மையான பதில் எழுத வேண்டும். "நான் நல்லாத்தான் ஓட்டுறேன்" என்று பூஜ்யம் போடுபவர்கள் நிறைய.

ஸ்லீப் ஸ்டடி தரும் முக்கியமான எண் ஏ.எச்.ஐ. தூங்கும் ஒரு மணி நேரத்தில் மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றுபோன, அல்லது வெகுவாகத் தேய்ந்த தடவைகளின் கணக்கு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை.

ஸ்டடியில் இரண்டு வகை. லேபில் படுத்து, தலையில் மூளை அலைக்கான ஒயர்களும் ஒட்டிச் செய்வது ஒன்று. பெங்களூரில் நிம்ஹான்ஸிலும் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் இதற்கு வசதி உண்டு. மூக்கில் குழாய், மார்பில் பெல்ட், விரலில் கிளிப் மட்டும் மாட்டி வீட்டிலேயே செய்வது இன்னொன்று. வீட்டு டெஸ்ட் வசதியானது, செலவும் குறைவு. ஆனால் நீங்கள் எப்போது தூங்கினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. பதிவான மொத்த நேரத்தால் வகுத்துவிடும். இரவு முழுக்க 204 தடை, பதிவு 8 மணி நேரம் என்றால் விடை 25.5, நடுத்தரம். நிஜமாகத் தூங்கியது 6 மணி நேரம்தான் என்றால் விடை 34, கடுமை. அதே ஆள், அதே இரவு.

இந்த வித்தியாசத்தில் பணமும் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விதிப்படி, உடல் பருமன் ஆபரேஷன் காப்பீட்டில் வர வேண்டுமானால் வயது 18 ஆகியிருக்க வேண்டும், டாக்டர் பரிந்துரைத்திருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35க்கும் 40க்கும் நடுவில் இருப்பவர் என்றால், மற்ற முறைகளில் எடை குறைக்க முயன்று தோற்றிருக்க வேண்டும், கூடவே இதயத் தசை பாதிப்பு, இதய ரத்தக்குழாய் நோய், கட்டுக்கு அடங்காத சர்க்கரை, கடுமையான ஸ்லீப் ஆப்னியா, இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். 165 செ.மீ. உயரம், 98 கிலோ எடை என்றால் பி.எம்.ஐ. 36. வேறு நோய் எதுவும் இல்லாத இவருக்கு ரிப்போர்ட்டில் 'நடுத்தரம்' என்று இருந்தால் க்ளெய்ம் நிற்காது, 'கடுமை' என்று இருந்தால் நிற்கும். வீட்டு டெஸ்ட்டில் 20க்கு மேல் வந்து எல்லையில் நிற்பவர்கள், லேப் ஸ்டடி தேவையா என்று ஸ்லீப் டாக்டரிடம் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

பாலிசியில் 'எக்ஸ்க்ளூஷன் கோடு 06' என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். கம்பெனி க்ரூப் பாலிசி என்றால் எச்.ஆர்.இடம் முழு வாசகத்தையும் கேட்டு வாங்குங்கள், இரண்டு பக்கச் சுருக்கத்தில் இது இருக்காது. டயட்டீஷியனைப் பார்த்த தேதிகள், ஒவ்வொரு முறையும் குறித்த எடை, எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். 'தோற்ற முயற்சி'க்கு அதுதான் சாட்சி. சிபாப் மெஷினின் விலை பெரும்பாலான பாலிசிகளில் வராது, கைக்காசுதான்.

ரத்தப் பரிசோதனையில் பைகார்பனேட் 27ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அதையும் டாக்டரிடம் சுட்டிக்காட்டுங்கள். உடலில் கரியமில வாயு தேங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அப்படியானால் சிபாப் போதாமல், மூச்சை இழுக்க ஓர் அழுத்தம், விட ஓர் அழுத்தம் என்று ஊதும் பைபாப் மெஷின் தேவைப்படலாம், மயக்க மருந்து டாக்டரும் வேறு மாதிரித் தயாராக வேண்டும்.

மாஸ்க் பழகுதல்

ஆபரேஷன் தேதிக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே மெஷின் கைக்கு வந்துவிட வேண்டும். முதல் வாரம் எல்லோரும் திணறுவார்கள். அந்தத் திணறலை மருத்துவமனைக் கட்டிலில், வயிற்று வலியோடு, முதல்முறையாக அனுபவிக்கக் கூடாது. இரவுக்கு 4 மணி நேரமாவது, பத்து இரவில் ஏழாவது மாட்டியிருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அது கீழ்வரம்பு. தூங்கும் நேரம் முழுக்க மாட்டுவதே இலக்கு.

மாஸ்க்கில் மூன்று வகை: மூக்குத் துவாரத்தில் செருகும் பில்லோ, மூக்கை மட்டும் மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது. வாயைத் திறந்து தூங்குபவருக்கு மூன்றாவது. தாடியும் அடர்ந்த மீசையும் இருந்தால் அதில் காற்று கசியும், பில்லோ தோதுப்படும். மூக்குத்தி போட்டவர்களுக்குப் பில்லோ உறுத்தும். மூக்கை மூடும் மாஸ்க்கில் விளிம்பு மூக்குத்தியின் மேல் ஏறாத அளவாகப் பார்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் விடியும்போது அந்த இடம் புண்ணாகியிருக்கும். கடையில் உட்கார்ந்த நிலையில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். படுத்தால் கன்னம் பின்னால் சரியும், அளவு மாறும்.

வார் இறுக்குவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். படுத்துக்கொள்ளுங்கள். மெஷினைப் போட்டுக் காற்று வரட்டும். மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக இழுத்து மெதுவாக விடுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய சிலிக்கான் மடிப்பு காற்றில் உப்பி முகத்தோடு ஒட்டும். அதன்பின் கீழ் வாரை முதலில், மேல் வாரைப் பிறகு, கசிவு நிற்கும்வரை மட்டும் இழுங்கள். வாருக்குள் ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும். 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தவுடன் இன்னும் இறுக்கினால் அந்த மடிப்பு நசுங்கி, கசிவு கூடும். இறுக்க இறுக்க ஏன் கசிகிறது என்று குழம்புவது இதனால்தான்.

ராத்திரி தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வார் வழுக்கும், முகத்து எண்ணெயில் சிலிக்கானும் சீக்கிரம் கெடும். மாஸ்க்கில் முகத்தைத் தொடும் சிலிக்கான் குஷனைத் தினமும் காலையில் சாதாரண சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காய வைத்தால் போதும். அறையில் கொசுவத்தி ஏற்றினால் அந்தப் புகையைத்தான் மெஷின் இரவெல்லாம் இழுத்து உங்களுக்கு ஊதும். ஃபில்டர் சாம்பல் நிறமானால் மாற்றிவிடுங்கள். தூசு பறக்கும் சாலையோர வீடுகளில் இது மாதம் ஒருமுறை.

காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர். போர்வெல் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ ஊற்றினால் கெட்டிலின் அடியில் படிவது போலவே வெள்ளைப் படலம் படியும். படிந்துவிட்டால் ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்துக் கழுவுங்கள். மீந்த தண்ணீரைத் தினமும் கொட்டிவிட வேண்டும்.

பெங்களூரின் டிசம்பர், ஜனவரி இரவுகளில் இன்னொரு தொல்லை. மெஷினிலிருந்து வெதுவெதுப்பாகக் கிளம்பும் ஈரக்காற்று, குளிர்ந்த குழாயில் நீராக மாறி 'களக் களக்' என்று ஓடி மூக்கில் சொட்டும். மெஷின் ரிப்பேர் என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போய்விடாதீர்கள். மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள், குழாயைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள். இதில் தீராதவர்கள் சூடாகும் குழாய் வாங்கலாம்.

கரண்ட் போனால் மூச்சு முட்டாது. வாயையும் மூடும் மாஸ்க்கில் அதற்கென்றே ஒரு வால்வு இருக்கிறது. ஆனால் சிகிச்சை நின்றுவிடும். பல ஃப்ளாட்டுகளில் விளக்கும் ஃபேனும் மட்டும்தான் யு.பி.எஸ். லைனில் இருக்கும், படுக்கையறை பிளக் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு பாயிண்ட்டை மாற்றிக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் பையில் வைக்க வேண்டும். ரயிலில் சார்ஜிங் பாயிண்ட்டை நம்ப வேண்டாம், இரவு 11 முதல் 5 வரை அணைத்துவிடுவது வழக்கம்.

கடைசி இரண்டு வாரம்

ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம், நாளுக்கு 800 முதல் 1,000 கலோரி வரையிலான புரத உணவு. எடை குறைய என்று நினைப்பார்கள், உண்மையில் இது கல்லீரலுக்காக. கொழுப்பேறிய கல்லீரலின் இடது பகுதி இரைப்பையின் மேல் கூரை போலக் கவிந்திருக்கும். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் லேப்ராஸ்கோப்பில் வேலை செய்ய வேண்டும். இரண்டு வாரத்தில் அது கண்கூடாகச் சுருங்கும். "இனிமே சாப்பிட முடியாதே" என்று சிவாஜிநகர் பிரியாணியோடு பிரிவு உபசாரம் நடத்துகிறவர்கள், சர்ஜனின் கைக்கு இடமில்லாமல் செய்கிறார்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இந்த உணவைத் தொடங்குமுன் அளவைக் குறைப்பது பற்றிக் கேட்டாக வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும்.

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மறைக்காதீர்கள். அவற்றில் ஒன்றான டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. உடல் பருமனோடு நடுத்தர, கடும் ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்காக அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி பெற்ற மருந்தும் அதுவே. இவ்வகை ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பட்டினி கிடந்தும் வயிற்றில் உணவு தங்கி, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகக்கூடும். எப்போது நிறுத்துவது என்று மயக்க மருந்து டாக்டர் சொல்வார்.

அட்மிஷன் பையில் மெஷின், உங்கள் மாஸ்க், குழாய், அடாப்டர், ஸ்லீப் ரிப்போர்ட், மெஷினின் கடைசி மாதப் பதிவு. 'அங்கேயே இருக்கும்' என்று விட்டுவிட்டுப் போனால், வேறு அளவு மாஸ்க்கில் முழு இரவும் கசியும்.

மருத்துவமனையில்

முதல் இரவு தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்திப் படுக்க வேண்டும், விரலில் ஆக்சிஜன் கிளிப் இருக்க வேண்டும், தூங்கும் ஒவ்வொரு முறையும், பகல் தூக்கத்துக்கும், சிபாப் மாட்ட வேண்டும். கூட இருப்பவரின் வேலை இதுதான்: கண் மூடினால் மாஸ்க் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. ஆக்சிஜன் குழாய் மட்டும் மூக்கில் இருந்தால் திரையில் எண் அழகாகத் தெரியும், அடைத்த தொண்டை திறக்காது. மார்ஃபின் வகை வலி மருந்துகளும் தூக்க மாத்திரையும் முடிந்தவரை தவிர்க்கப்படும். "வலி தாங்கல, தூங்க ஏதாவது குடுங்க" என்று நர்ஸை நெருக்காதீர்கள்.

காற்றழுத்தத்தில் தையல் பிரிந்துவிடாதா என்று பயப்படுபவர்கள் உண்டு. காற்று போவது நுரையீரலுக்கு. கொஞ்சம் விழுங்கப்பட்டாலும், சிபாப் போட்டவர்களுக்கு, இரைப்பையை மூடிய ஸ்டேப்பிள் வரிசையில் கசிவு கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை. கசிவின் அறிகுறிகள் வேறு: நாடி 120க்கு மேல் ஓடுவது, காய்ச்சல், இடது தோளில் வலி, காரணமில்லாத மூச்சுத்திணறல், 'ஏதோ சரியில்லை' என்ற பதற்றம். வீட்டுக்கு வந்தபின் இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே போங்கள்.

முதல் மூன்று மாதம்

ஆபரேஷனில் ஸ்லீவ், பைபாஸ் என்ற இரண்டு வகைகள் முக்கியம். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து நேரே குடலோடு இணைக்கும் பைபாஸில், அந்தப் பை 30 மி.லி. அளவே. ஆகவே 30 மி.லி. கப்பில் கால் மணிக்கு ஒரு கப் என்று ஆரம்பியுங்கள். மணிக்கு 120 மி.லி., விழித்திருக்கும் பன்னிரண்டு பதின்மூன்று மணியில் ஒன்றரை லிட்டர் ஆகிவிடும். தெளிந்த ரசம், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர். இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, அப்புறம் குழைந்தது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி தண்ணீர் கூடாது. நாளுக்கு 60 கிராம் புரதம் தொட வேண்டும். ஓர் இட்லியில் இருப்பது 2 கிராம், ஒரு முட்டையில் 6, நூறு கிராம் பன்னீரில் 18 போல. கணக்குப் போட்டால், இட்லியை நம்பினால் முடி கொட்டும் என்பது புரியும்.

ராகி முத்தே (ராகிக் களி உருண்டை) பழகியவர்களுக்குத் தனியாக ஒன்று. அது மெல்லாமல் விழுங்கும் பண்டம். புதிய இரைப்பைக்கு அது அடைப்பான். அதே ராகியைக் கஞ்சியாகக் குடிக்கலாம். தர்ஷினி ஓட்டலில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் முடிக்கும் வேகமும் இனி ஆகாது.

மல்டிவைட்டமின், பி12, டி3, கால்சியம் சிட்ரேட், இரும்பு, இவை ஆயுள் முழுக்க. கால்சியத்துக்கும் இரும்புக்கும் இரண்டு மணி இடைவெளி வேண்டும். ஃபில்டர் காபியோடு இரும்பு மாத்திரையை விழுங்கினால் பாதி வீண். வாந்தி நாள்கணக்கில் தொடர்ந்தால் தயமின் ஊசி அவசரம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது எல்லாம் அது குறைந்ததன் அடையாளம்.

சிபாபோடு இது எங்கே முட்டும் என்றால், தண்ணீர் போதாத உடம்பில் வாய் இன்னும் வறளும். ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிச்சலும் சகஜம். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி இடைவெளி விடுங்கள். காலையில் வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் அது பெரும்பாலும் விழுங்கிய காற்று: பிரஷர் தேவைக்கு மேல் ஆகிவிட்டது என்று மெஷின் சொல்லும் முதல் சேதி.

முகம் சுருங்கும் காலம்

பத்துப் பதினைந்து கிலோ போனதும் கன்னம் வற்றும், பழைய மாஸ்க் தொளதொளக்கும். கண்ணில் காற்று அடிக்கும், விசில் சத்தம் கேட்கும். வாரை இறுக்காமல் குஷனை ஓர் அளவு சிறியதாக்குங்கள், மாஸ்க் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. 14 என்று நிலையாக வைத்த பிரஷர் மூன்றாம் மாதத்தில் அதிகப்படியாக இருக்கும். தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ மெஷின் இந்த ஒரு வருடத்துக்குக் கொடுக்கும் காசுக்குத் தகும். அதில் '95 சதவீத பிரஷர்' என்று ஓர் எண் வரும், நேரத்தில் 95 சதவீதம் பிரஷர் அதற்குள்ளேயே இருந்தது என்று பொருள். மாதம் ஒருமுறை அதையும் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். 13இலிருந்து 8க்கு இறங்கியிருந்தால் டாக்டரிடம் காட்டும் நேரம்.

திரையில் ஏ.எச்.ஐ. 2 என்று காட்டினால் குணமாகிவிட்டது என்று பொருளில்லை. மெஷின் ஊதும்போது 2, அவ்வளவே. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்வை சரியாகிவிட்டது என்பது போல.

மறு ஸ்டடி, எடை ஓரளவு நிலைத்தபின், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள். மெஷின் இல்லாமல் செய்ய வேண்டும், முன்னதாக எத்தனை இரவு மெஷினை நிறுத்துவது என்று டாக்டரே சொல்லட்டும். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஏ.எச்.ஐ.க்கு முன் இன்னொரு வரியைப் பாருங்கள்: மல்லாந்து தூங்கிய நிமிடங்கள். எடை இறங்கியவர்களுக்கு நோய் பல சமயம் மல்லாந்த நிலையில் மட்டும் ஒளிந்துகொள்ளும். இரவு முழுக்க ஒருக்களித்துப் படுத்துவிட்டு 4 வந்தால் அந்த 4ஐ நம்ப முடியாது. மல்லாந்தும் தூங்கி 5க்குள் இருந்து, பகல் தூக்கமும் இல்லையென்றால் மெஷினுக்கு விடை கொடுக்கலாம். 5 முதல் 15 என்றால் ஒருக்களித்துப் படுக்கப் பழகுவது, தாடையை முன்னிழுக்கும் பல் சாதனம் என்று பேச இடமுண்டு. 15க்கு மேல் என்றால் மெஷின் தொடரும், முன்பைவிடக் குறைந்த பிரஷரில்.

விடை கொடுத்தாலும் விற்றுவிட வேண்டாம். இரண்டாம் வருடத்துக்குப் பின் எடை கொஞ்சம் ஏறுவது பலருக்கு நடக்கும். எடை 10 சதவீதம் கூடினால் ஏ.எச்.ஐ. சுமார் 32 சதவீதம் ஏறியது என்று 2000ஆம் ஆண்டில் வெளியான விஸ்கான்சின் ஆய்வு காட்டியது. பிலிப்ஸ் பழைய மெஷினாக இருந்தால், உள்ளிருக்கும் நுரை சிதைவதாகச் சொல்லி 2021 ஜூனில் அந்நிறுவனம் திரும்பப் பெற்ற மாடலா என்று சீரியல் எண்ணை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். யாரோ தரும் செகண்ட் ஹேண்ட் மெஷினுக்கும் இதே சோதனை. தொட்டியைக் காய வைத்து, குஷனைக் கழற்றி, துணிப்பையில் போட்டு வையுங்கள். குறட்டை மறுபடி கேட்க ஆரம்பித்தால் எடுத்து மாட்டலாம், ஆனால் பழைய பிரஷரிலேயே வேண்டாம். மெஷினின் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு ஸ்லீப் டாக்டரிடம் போய் அளவைத் திருத்திக்கொண்டு வந்து மாட்டுங்கள்.